இடது கை சொன்ன விலை

ஐயம்பேட்டை மாட்டுத் தரகர் தர்மனின் இடது கை போட்டித் தரகரிடம் தனியாகச் சம்பளம் வாங்குகிறது என்ற செய்தி எனக்குச் சவரம் பாதி முடிந்திருந்தபோது கிடைத்தது. சவரக் கடைக்காரர் மீதிக் கன்னத்துக்கு நுரை பூசிக்கொண்டே சொன்னதால் மறுத்துப் பேச வழியில்லை. கத்தி அவர் கையில் இருந்தது.

காஞ்சிபுரத்தில் வதந்தியையும் பாவு நூலையும் ஒரே மாதிரிதான் கையாள்வோம். விடிந்ததும் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கு ஓர் இழை சரிசெய்வோம். நான் பிள்ளையார்பாளையம் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கைக்குள் ஒரு குட்டிச்சாத்தான் குடியேறியிருந்தது. பேருந்து நிலையத்தில் விசாரித்தபோது அந்தக் கைக்கு உத்திரமேரூர்ப் பக்கம் தனிக் குடும்பமே இருந்தது.

வதந்தியைச் சரிபார்ப்பது என்னைப் போல் பத்தி எழுதுகிறவனுக்கு நல்ல பழக்கம் அல்ல. பாதி வதந்திகள் அதில் செத்துப்போகும். பிறகு எதை எழுதுவது? ஆனால் எங்கள் வீட்டுக் கறவை மாட்டைப் பிடித்துக் கொடுத்தவர் தர்மன். அவர் சொன்ன அளவுக்கு அது பால் கறந்துகொண்டிருந்தது. தரகர் வாக்கைக் காப்பாற்றுகிற மாடு ஒன்று கொல்லையில் நிற்கும்போது அந்தத் தரகரைப் பற்றிக் கேட்டதையெல்லாம் நம்பிவிட முடியவில்லை.

குற்றச்சாட்டு இதுதான். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலால் பேசுவார்கள். எதிராளியின் உள்ளங்கையில் எத்தனை விரலை நீட்டி அழுத்துகிறோமோ, ஆயிரத்துக்கு மேல் அத்தனை நூறு. சுற்றி நிற்பவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும்.

கௌஸ் பாஷா டவுனில் பார வண்டிகள் விட்டுப் பிழைப்பவர். அவருக்கு வெகு காலமாக எருது பிடித்துத் தருவது தர்மன்தான். சில மாதங்களாக, துண்டுக்குள் தர்மன் சொல்லும் விலை, துண்டு விலகுவதற்கு முன்பே போட்டித் தரகர் சிட்டிபாபுவுக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் ஓர் ஐம்பதைச் சேர்த்துக் கொடுத்து ஜோடியை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார். அப்புறம் யாரோ ஒருவர் பார்த்திருக்கிறார்: வலது கை துண்டுக்குள் பேசிக்கொண்டிருக்க, வெளியே தொங்கிய தர்மனின் இடது கை அதே கணக்கை விரல் விரலாக ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தது.

வருகிற செவ்வாய்ச் சந்தையில் பஞ்சாயத்து. சந்தைப் பெரியவர் பஞ்சாட்சரம் தீர்ப்புச் சொல்வார். விலையை விற்றது உறுதியானால் தர்மனின் துண்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். துண்டு போன தரகனின் கையை அதற்கப்புறம் எந்தச் சந்தையிலும் எவனும் பிடிக்கமாட்டான். தர்மனுக்கு வேறு தொழில் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, சைக்கிளில் ஐயம்பேட்டைக்குப் போனேன். தர்மன் சாப்பாட்டில் இருந்தார்.

"வாங்க சார். நீங்களும் கை பாக்கத்தான் வந்தீங்களா?"

"டிக்கெட்டு போடலாம்னு இருக்கறேங்க," என்றார் பரிமாறிக்கொண்டிருந்த மனைவி காந்தா. "காலையிலேர்ந்து நாலு பேரு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தன் தொட்டுப் பாக்கலாமான்னு கேக்குறான். கண்காட்சியா நடத்துறோம்?"

நான் அந்தக் கையைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்ளக் களியைப் பார்த்தேன். கேழ்வரகுக் களி, கீரைக் குழம்பு. வலது கை களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனது. தொடைமேல் கிடந்த இடது கை, களியும் இல்லாமல் குழம்பும் இல்லாமல், அதே கிள்ளலைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"அந்தக் கை என்ன பண்ணுதுங்க?"

"எந்தக் கை?" என்றார் தர்மன்.

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். அங்கேயே எனக்குப் பாதி வதந்தி செத்துவிட்டது. திருட்டுக் கையாக இருந்தால் விருந்தாளி முன்னால் இப்படித் திருட்டுத்தனமில்லாமல் நடந்துகொள்ளாது.

"அது அப்படித்தாங்க," என்றார் தாயார் ரேணுகாம்பாள். நான் நீட்டிய வெற்றிலைத் தட்டிலிருந்து பாக்கை ஒதுக்கிவிட்டார். "நான் பாக்கு போடறதில்லை. வுட்டு வருசமாச்சு." ஏன் என்று கேட்பதற்குள் பிள்ளையின் கதைக்குப் போய்விட்டார்.

பிறந்த வாரத்திலேயே குழந்தைக்கு வலிப்புக் கண்டது. பிரசவம் பார்த்த ரம்ஜான் பீ மந்திரித்துப் பார்த்தார். டவுன் வைத்தியர் மருந்து கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆனால் இடப்பக்கம் வாடிப்போனது. குழந்தை வலது கையால் மட்டுமே கிலுகிலுப்பையைப் பிடிக்கும். இடது கை மார்போடு மடங்கிக் கிடக்கும். மற்ற குழந்தைகள் ஓடியபோது இவன் உட்கார்ந்திருந்தான். பாலாற்று மணலில் இடுப்பளவு குழி தோண்டி அதில் நிற்கவைத்தார்கள். அழுதான். பிறகு நின்றான். பிறகு ஒரு நாள், இடது காலைச் சற்று இழுத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியின் பின்னாலேயே நடந்துவிட்டான்.

"கைய வுட்டுட்டா அப்படியே போயிடும்னு எனக்கு ஒரு பயம்," என்றார் ரேணுகாம்பாள். "அதனால மாட்டுக்கிட்ட ஒக்கார வெச்சேன். ஊருல எல்லாரும் ஒரு கை மாத்தி ஒரு கை பீச்சுவாங்க இல்ல? இவன் ரெண்டையும் ஒண்ணாவே பீச்சுவான். மாட்டுக்கே சிரிப்பு வந்துடும். ஆனா கறந்துடுவான்."

"அப்புறம் தறிக்கு அனுப்பிச்சீங்களே, அத்தச் சொல்லுங்க," என்றார் காந்தா.

பிள்ளையார்பாளையத்தில் தெரிந்தவர் தறியில் உட்காரவைத்தார்களாம். வலது கை ஊடு நூல் சுற்றிய நாடாவை வீசினால் இடது கை அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். தர்மனின் இடது கை பிடிக்கவில்லை, அதுவும் வீசியது. நாடா தறியைத் தாண்டிப் போய்ப் பானையில் விழுந்தது. தறிக்காரர் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். அப்படித்தான் பட்டுக்கு நஷ்டமானவர் மாட்டுக்கு லாபமானார்.

"எங்க கல்யாணத்தக் கேளுங்க," காந்தா விடவில்லை. "தாலி கட்டுறாரு. ரெண்டு கையும் ஒரே மாதிரி போவுது. முடிச்சு எங்க வுழும்? வேர்த்துக் கொட்டுது மனுசனுக்கு. மேளக்காரன் ஊதி ஊதி மூச்சு வாங்கிட்டான். கடைசியில நாத்தனாருதான் மூணு முடிச்சும் போட்டாங்க. நான் கட்டிக்கினது அவங்களத்தான்னு இன்னிக்கும் சொல்லிக்கினு இருக்கேன்."

"சும்மா இரு," என்றார் தர்மன். சிரிப்பை அடக்க வலது கையால் வாயைப் பொத்தினார். இடது கை தொடையிலிருந்து கொஞ்சம் எழும்பி, வாயில்லாத இடத்தைப் பொத்தியது.

இவ்வளவு நாளும் சந்தையில் இது எப்படி ஒருவர் கண்ணிலும் படவில்லை? அதற்கும் காந்தாதான் பதில் வைத்திருந்தார். நாலு பேர் நடுவில் போனால் இடது கையை வேட்டி மடிப்புக்குள் சொருகிக்கொள்ள வேண்டும் என்று தாயார் சின்ன வயதிலேயே பழக்கியிருந்தார். மடிப்புக்குள் அது எவ்வளவு விலை பேசினாலும் கேட்க ஆளில்லை. போன பொங்கலுக்குக் காந்தாவின் அண்ணன் சென்னையிலிருந்து ஒரு கைக்கடிகாரம் வாங்கிவந்து கொடுத்தார். இடது மணிக்கட்டு மெலிவு. வாரில் ஆணியைக் காய்ச்சிக் கூடுதலாக ஓர் ஓட்டை போட்டார்கள். வேட்டிக்குள் சொருகி வைக்கவா கடிகாரம்? அன்றிலிருந்து கை வெயிலுக்கு வந்தது. கையோடு விலையும் வந்தது.

"எங்க அண்ணன் குடுத்த வாட்சு இவரு துண்டுக்கு ஒல வெச்சிடுச்சு," என்று காந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டென்று எழுந்தார். "நாளைக்கு டாக்டரம்மாகிட்ட போலாம். நீங்களும் வாங்க சார். நான் சொன்னா எவனும் நம்பமாட்டான், நீங்க எழுதுனா எதை வேணா நம்புவானுங்க."

பாராட்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் தேவகியின் அறைக்கு வெளியே பெஞ்சியில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஜவுளிக் கடைக் கணக்கர் ஒருவர். முந்தின வருடம் பக்கவாதம் வந்து, வலது கை ஈரத்துணி மாதிரி மடியில் கிடந்தது. அவர் மனைவி அதை எடுத்துச் சரியாக வைத்தார். அது மறுபடியும் சரிந்தது. தர்மன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் தேவகி சென்னையில் படித்துவிட்டு வந்தவர். நோயாளியிடம் நேராகப் பேசுகிறவர். தர்மனின் இரு கைகளையும் மேசைமேல் வைக்கச் சொன்னார்.

"வலது கையை மட்டும் மூடித் திறங்க."

இரண்டும் மூடித் திறந்தன. இடது கொஞ்சம் மந்தமாக.

"இடது கை மட்டும்."

இரண்டும் மூடித் திறந்தன.

"இப்ப இடது கையை அசைக்காம வலது கையில ஒவ்வொரு விரலா நீட்டுங்க." டாக்டர் இடது கையைத் தன் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தர்மன் பல்லைக் கடித்தார். நெற்றி வேர்த்தது. டாக்டரின் கைக்கு அடியில் அந்தக் கை கூடைக்குள் மாட்டிய கோழிக்குஞ்சு போல் துடித்தது. விட்டதும் இடது கை விரல்களும் ஒவ்வொன்றாக நீண்டன, சுண்டு விரலைத் தவிர. அது மடங்கியே இருந்தது.

"சாத்தானா டாக்டரம்மா?" என்றார் காந்தா.

"சாத்தானுக்கு வேற வேலை இல்லையாம்மா?" டாக்டர் சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். மூளை இரண்டு பாதி. இடது பாதி வலது கையை ஓட்டும், வலது பாதி இடது கையை ஓட்டும். பிறக்கும்போது ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு பக்கத்துக்குமே வழி போகிறது. குழந்தை வளர வளர, எதிர்ப்பக்கத்து வழி பலப்படும். தன் பக்கத்து வழி ஆள் நடமாட்டம் இல்லாமல் தேய்ந்துவிடும். தர்மனுக்குப் பிறந்த நேரத்திலேயே வலது பாதியில் ரத்த ஓட்டம் அடைபட்டு அடி விழுந்திருக்க வேண்டும். இடது கையை ஓட்ட ஆளில்லை. ஆனால் இடது பாதியிலிருந்து அந்தக் கைக்குப் போகும் பழைய வழி அப்போது இன்னும் தேயவில்லை. அதுவே நிலைத்துவிட்டது. இடது பாதி இரண்டு கையையும் ஏற்றுக்கொண்டது.

"அப்படித்தான் இருக்கணும்னு நினைக்கிறாங்க. பெரிய டாக்டர்களுக்குள்ள இன்னும் சண்டை இருக்கு. மண்டையைத் திறந்து வழியை எண்ணிப் பாக்க முடியாதே."

"ஒரே ஆளு ரெண்டு மாட்டையும் ஓட்டுறான்னு சொல்லுங்க," என்றார் தர்மன்.

"ஆமா. ஆனா கயிறு ஒண்ணாப் போச்சு. ஒண்ணை இழுத்தா ரெண்டும் திரும்பும்."

தர்மன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளியே ஒக்காந்துக்கினு இருக்காரே, அவருக்கும் இதானுங்களா?"

"அவருக்கும் மூளையில அடிதான். ஆனா அறுபது வயசுல வந்துச்சு. பழைய வழியெல்லாம் எப்பவோ தேஞ்சுபோச்சு. புதுசா ஏற்பாடு பண்ணிக்க மூளை கஷ்டப்படும். உங்களுக்குத் தொட்டில்லயே வந்ததால கை பொழைச்சுது. கூடவே இந்தச் சேஷ்டையும் வந்துடுச்சு."

அதுவரை மூலையில் நின்றிருந்த ரேணுகாம்பாள் முன்னால் வந்தார்.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், திட்டாதே. இவன் வயித்துல இருந்தப்போ கிரகணத்தன்னிக்கு நான் பாக்கு வெட்டிட்டேன். மறந்தாப்ல வெட்டிட்டேன். அதனாலதானே?"

தர்மன் தாயைத் திரும்பிப் பார்த்தார். இது அவருக்கே புதுச் செய்தி என்று முகம் சொன்னது.

"பாக்குக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா," என்றார் டாக்டர். "நீங்க பண்ணது ஒண்ணே ஒண்ணுதான். அந்தக் கையைச் சும்மா விடாம பால் கறக்க வெச்சீங்களே, அது நல்லது. நடமாட்டம் இருந்ததாலதான் அந்த வழி இந்த அளவுக்காவது பலமா இருக்கு."

கிழவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாப்பது வருசமா வாயில பாக்கு போடாம கெடந்தேனேடா, தர்மா," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நேத்து கொண்டாந்தீங்களே, மிச்சம் இருக்குதுங்களா?"

சட்டைப்பையில் இருந்தது. டாக்டர் அறையில் வெற்றிலை போடக்கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. டாக்டர் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

திரும்பும் வழியில் ஐயம்பேட்டை நெருங்கியதும் தர்மன் சொன்னார்: "எல்லாம் சரி சார். நாளைக்குப் பஞ்சாட்சரம் ஐயாகிட்ட மூளை, பாதி, வழின்னு சொன்னா தரகன் அளக்கற பொய் மாதிரி இல்ல இருக்கும்?"

அப்படித்தான் ஆயிற்று. செவ்வாய்க்கிழமை புங்க மரத்தடியில் சந்தையே கூடியது. வழக்கப்படி தர்மனின் துண்டை வாங்கி நடுவில் தரையில் விரித்தார்கள். தீர்ப்பு வரும்வரை அது யாருக்கும் சொந்தமில்லை. தர்மன் கைகட்டி நின்று, டாக்டர் சொன்னதைச் சொன்னார்.

"பொய் சொல்றதுன்னா நீயே சொல்லேன்பா," என்றார் பஞ்சாட்சரம். "டாக்டர வேற ஏன் இழுக்கற? மூளை பேச்செல்லாம் டவுன்ல வெச்சிக்க. இங்க கை பேச்சுதான். பாய், நீ சொல்லு."

கௌஸ் பாஷா எழுந்தார். தர்மனின் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "இன்னா சொல்றது? என் வூட்டுப் பிள்ளை மாதிரி இருந்தான். நாலு ஜோடி போச்சு. நாலையும் இந்த சிட்டிபாபுவே ஓட்டினு போனாரு. விலை எப்படித் தெரிஞ்சுது? போன சந்தையில மட்டும் தப்பிச்சேன், அல்லா புண்ணியம். இவன் குடுத்தான், அவரு வாங்கினாரு. வேற இன்னா?"

அதுவரை கூட்டத்தின் ஓரத்தில் சாட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்த சிட்டிபாபுவுக்கு 'வாங்கினாரு' என்ற சொல் பொறுக்கவில்லை.

"நான் யார்கிட்டயும் ஒண்ணும் வாங்கலை, குடுக்கலை! போன சந்தையில என் மானத்தை வாங்கினதே இந்தாளுதான்! கைய நம்பிப் போனேன் பாருங்க, எனக்கு நல்லா வேணும்!"

"எந்தக் கைய?" என்றார் பஞ்சாட்சரம்.

"இவனோட இடது கையதான்! நாலு விரலு காட்டுச்சு. ஆயிரத்து நானூறுதானேன்னு நான் நாலரை சொன்னேன். மாடு விக்க வந்த குடியானவன் சிரிக்கிறான் நைனா, பல்லக் காட்டி சிரிக்கிறான்! உள்ளே அஞ்சு பேசி முடிச்சிட்டாங்களாம். ஐம்பது ரூபா கம்மிக்குக் கேக்க வந்துட்டியா, பிச்சைக்காரனாட்டம்னு எல்லார் எதிர்லயும் கேட்டுட்டான்!"

"தர்மன் உன்னைக் கூப்பிட்டுக் காட்டினானா?"

"அவன் எங்க காட்டினான்? அவன் பாட்டுக்கு மாட்டு வாலைப் பாத்துக்கினு இருந்தான். நானா பின்னாடி நின்னு பாத்துக்கினேன். கண்ணு இருக்குது, பாத்தேன். தப்பா?"

பின்வரிசையிலிருந்து யாரோ முதல் சிரிப்பைத் தொடங்கிவைத்தார். சிட்டிபாபுவுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. தன் தோளிலிருந்த துண்டை எடுத்து, தர்மனின் வலது கையைப் பிடித்து, மேலே போர்த்தினார். "ஒண்ணு சொல்லு."

துண்டு அசைந்தது. வெளியே தர்மனின் இடது கையில் ஆட்காட்டி விரல் நீண்டது.

"மூணு."

மூன்று விரல்.

"இப்போ நான் சொல்லமாட்டேன். நீயா ஒண்ணு பேசு. இடது கைய ஆட்டக்கூடாது, ஆமா."

தர்மன் கண்ணை மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது. வாழ்க்கையில் அவர் அவ்வளவு கஷ்டப்பட்டு எந்த மாட்டையும் நிறுத்தியிருக்கமாட்டார். இடது கை நடுங்கியது. மெதுவாக, வெட்கத்தோடு, நான்கு விரல்கள் நீண்டன. சுண்டு விரல் மட்டும் மடங்கியே கிடந்தது.

"நாலு!" என்று கூவியது சந்தை.

"அஞ்சு," என்றார் பஞ்சாட்சரம். துண்டை விலக்கினார். அவர் உள்ளங்கையில் தர்மனின் ஐந்து விரலும் பதிந்திருந்தன. "இவன் வித்திருந்தா சரியா வித்திருப்பான். இது விக்கற கை இல்லைப்பா. ஒளறுற கை."

கௌஸ் பாஷா தர்மனிடம் வந்தார். அவருடைய இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். வலது கையும் கூடவே குலுங்கியது. "அரே, ரெண்டு சலாம் கிடைக்குதே," என்றார் பாய். காந்தா கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அப்போதுதான் மூச்சு விட்டார்.

தீர்ப்பு: தர்மன் குற்றமற்றவர். இனி விலை பேசும்போது இரண்டு கையையும் துண்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு வரலாம், அல்லது காந்தா கட்டிக்கொள்ளலாம். சிட்டிபாபு அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

"துண்டை எடுத்துப் போட்டுக்கப்பா," என்றார் பஞ்சாட்சரம்.

அப்போதுதான் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சந்தையே விரல் எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், அவிழ்ந்து வந்த ஒரு காளைக்கன்று அந்தத் துண்டை மென்றுகொண்டிருந்தது. ஓரத்துச் சிவப்புக் கரை மட்டும் வாயில் தொங்கியது.

"சபை புதுத் துண்டு போடும்," என்று பஞ்சாட்சரம் அங்கேயே வாக்குக் கொடுத்தார். அது எழுபத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம். சபை என்றால் யார் என்பதில்தான் சிக்கல். பிராது கொடுத்தவர் வாங்க வேண்டும் என்கிறார் சிட்டிபாபு. வேவு பார்த்தவர் வாங்க வேண்டும் என்கிறார் கௌஸ் பாஷா. கன்றுக்காரர் வாங்க வேண்டும் என்றார் பஞ்சாட்சரம். அன்று கன்றைக் கட்டாமல் விட்டது தன் மருமகன்தான் என்று தெரிந்த பிறகு அதையும் சொல்வதில்லை.

தர்மன் இப்போது மைத்துனர் கொடுத்த பூப்போட்ட துவாலையில் விலை பேசுகிறார். இரண்டு கை போனால் அதில் மூன்றாவது கைக்கு இடமில்லை. எதிராளி விரல் நுனியால் பேசுகிறார். வலது கை சொன்னதை இடது கை வழிமொழிவதால், தர்மனின் விலையில் பேச்சு மாறுவதில்லை என்று சந்தையில் புதிதாக ஒரு பெயர். இந்த வதந்தியை நான் சரிபார்க்கப் போவதில்லை.

அந்தக் கன்று வளர்ந்து, பல் போட்டு, போன சந்தையில் நல்ல விலைக்குப் போயிற்று. பேசி முடித்தவர் தர்மன்தான், அந்தப் பூப்போட்ட துவாலைக்குள். சபையின் துண்டு இன்னும் வரவில்லை.